பலகையில் ஒரு காலி இடம்

"நான் யாருங்க அம்மணி?" என்று கேட்டார் மருதாசலம்.

இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் வழக்கமாக மலையேறுவார்கள். மருதாசலம் மாடிதான் ஏறியிருந்தார். கீழே பேக்கரி, மேலே வருமான வரி ஆலோசகர் கோகிலவாணியின் அலுவலகம். அதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

சிஷ்யருக்கு அறுபது தாண்டிவிட்டது. குருவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. கணக்கு என்றால் சட்டைப்பையில் மிச்சமிருக்கும் பணம் என்று நினைத்துக்கொண்டிருந்த மனிதரை உட்காரவைத்து, வரவு செலவு எழுதக் கற்றுக்கொடுத்தவர் கோகிலவாணி. அன்றிலிருந்து மருதாசலம், "நான் அம்மணியோட சிஷ்யனுங்க" என்று அன்னூர் சந்தை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். குரு அதை மறுத்ததுமில்லை, ஒப்புக்கொண்டதுமில்லை. பேச்சு விஷயத்தில் அவர் கொஞ்சம் கஞ்சம்.

அன்றைக்கும் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"ரிட்டர்ன் போடக் காகிதமெல்லாம் கொண்டு வந்தீங்களாண்ணா?"

"இல்லீங்க. இந்த வருசம் போடறதில்லைன்னு சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

கோகிலவாணி கண்ணை எடுத்தார்.

விஷயம் இதுதான். மருதாசலம் சிப்பிக் காளான் வளர்க்கிறவர். கிணறு வற்றி, மஞ்சளும் வாழையும் கைவிட்ட பிறகு, அதே நிலத்தில் ஓலைக் குடில் போட்டு, பைகளில் வைக்கோல் படுக்கை கட்டித் தொங்கவிட்டு, எப்படியோ தலையெடுத்துவிட்டார். முந்தைய வருடத்துக் கணக்கில் காளானை விவசாய வருமானம் என்று காட்டியிருந்தார். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை.

வரி அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை. காளான் மண்ணில் முளைக்கவில்லை, பையில் முளைக்கிறது, ஆகவே இது வியாபாரம், வரியைக் கட்டு என்று உத்தரவு போட்டது. கோகிலவாணி மேல்முறையீடு செய்தார். அது போன இடத்தில் சாவகாசமாகக் கிடந்தது.

வரிப்பணம் மருதாசலத்தை அவ்வளவாகச் சுடவில்லை. இவரை விவசாயி என்று கருத முடியாது என்று எழுதியிருந்தார்களே, அதுதான் சுட்டது. தாத்தனுக்குத் தாத்தன் காலத்திலிருந்து ஏர் பிடித்த குடும்பம். அதற்குப் பிறகு உழவர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் பின்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்தார். சகலை வேறு, "என்ன, காளான் கம்பெனி முதலாளி சௌக்கியமா?" என்று விசேஷ வீடுகளில் கேட்டுக் கேட்டுச் சிரித்தான். அவமானமாக இருந்தது.

"விவசாயின்னு போட்டா இந்த வருசத்துக்கும் வம்புக்கு வருவாங்க," என்றார். "வியாபாரின்னு போட்டா, போன கேஸ்ல நானே தோத்துட்டேன்னு எழுதிக் குடுத்த மாதிரி ஆயிரும். எதைப் போட்டாலும் தப்பு. அதுனால ஒண்ணும் போடறதில்லீங்க. அவங்க முதல்ல நான் யாருன்னு சொல்லட்டும்."

"பேங்க்ல என்ன சொல்றாங்க?"

"இந்த வருசத்து ரிட்டர்ன் காப்பி இல்லாம லோன் இல்லைங்கறாரு மேனேஜரு. ரெண்டாவது குடிலுக்குக் காலெல்லாம் நட்டாச்சுங்க. கூரை போடப் பணமில்ல. வேலைக்கு வரச் சொன்ன பொம்பளைங்க தினமும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க."

"கடைசி நாள் நாளை மறுநாள்."

"தெரியுமுங்க."

"தெரிஞ்சுமா?"

"என்ன பண்ணச் சொல்றீங்க? குடிலுக்கு எழுதுன போர்டுகூட அப்படியே அரைகுறையாத்தான் நிக்குது."

"எந்த போர்டு?"

மருதாசலம் நெளிந்தார். மடியிலிருந்த துணிப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

புதுக் குடிலுக்கென்று சாலையோரம் பலகை ஒன்று நட்டிருந்தார். பெயிண்டர் குமரேசன் 'மருதாசலம் காளான்' என்று எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன போடுவது, பண்ணையா கம்பெனியா என்று கேட்டான். தீர்ப்பு வரட்டும், அதுவரை இடத்தை விட்டுவை என்று சொல்லிவிட்டார் இவர். அவனும் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தை மாதத்திலிருந்து பலகை அப்படியே நிற்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் படித்தால், இந்த ஊரில் மருதாசலம் என்று ஒரு காளான் இருக்கிறது போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

கோகிலவாணி மேசை டிராயரைத் திறந்து, குனிந்து எதையோ தேடுவதுபோல் பாவனை செய்துவிட்டு, மூடினார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"வெளியில பெஞ்சுல கொஞ்ச நேரம் உக்காருங்கண்ணா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லலீங்களே."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். குரு சொன்னால் உட்கார வேண்டியதுதான். உள்ளுக்குள் மட்டும் பொருமிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து வந்த தேங்காய் பன் வாசனைகூட அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பிளாஸ்டிக் ஃபைல். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று, மகனோடு இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவராம். பென்ஷனில் அதிகமாகப் பிடித்த வரி திரும்பி வரவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அது முடிந்ததும் பேச்சு இவர் பக்கம் திரும்பியது.

"சார் என்ன பண்றீங்க?"

"விவசாயமுங்க."

"என்ன போட்டிருக்கீங்க?"

"காளானுங்க."

"காளானா?" பென்ஷன்காரர் சிரித்தார். "அது எப்படி சார் விவசாயத்துல வரும்? ரூமுக்குள்ள பையைத் தொங்கவிட்டு, தண்ணி தெளிச்சா முடிஞ்சது. யூட்யூப்ல பாத்திருக்கேன்."

மருதாசலம் துண்டை எடுத்து உதறி, மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"வைக்கோலை ஊற வெச்சு, வேக வெச்சு, காத்தாட விரிக்கோணும். ஒரு புடி அள்ளிப் புழிஞ்சா கையில ஈரம் தெரியோணும், ஆனா சொட்டப் படாது. அந்தப் பதம் யூட்யூப்ல தெரியுங்களா? அடுக்கடுக்கா விதை தூவிக் கட்டித் தொங்க வுட்டா, அப்புறம் பொழுதன்னிக்கும் அதுங்கூடத்தான் குடித்தனம். ஒரு படுக்கையில பச்சைப் பூஞ்சை வந்துச்சுன்னா அப்பவே எடுத்துட்டுப் போயிப் பொதைக்கோணும். பாவம் பாத்தா மொத்தக் குடிலும் போச்சு. ஒரு நாள் பறிக்காம வுட்டா விரிஞ்சு கெழடாயிரும், சும்மா குடுத்தாலும் வாங்க மாட்டாங்க. வெயிலுக்குப் பயந்து, பூச்சிக்குப் பயந்து, சந்தைக்குப் போனா வெலைக்கும் பயப்படறானே, அவனுக்கு வேற என்ன பேருங்க?"

"நீங்க என்ன சொன்னாலும் எனக்கு அது ஃபேக்டரி மாதிரித்தான் தோணுது."

"தோணட்டுமுங்க."

"நான் ஒத்துக்க மாட்டேன் சார்."

"நீங்க ஒத்துக்கிட்டாத்தான் நாளைக்கு நான் பறிக்கோணுமா? வெடிஞ்சா கூடையை எடுத்துட்டுக் குடிலுக்குப் போயிருவேன். நீங்க மெதுவா யோசிச்சுச் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சொல்லி முடித்தபோது மருதாசலத்துக்கே தெம்பாக இருந்தது. இப்படி வாய்விட்டுப் பேசி எத்தனையோ நாளாகிவிட்டது.

நிமிர்ந்தால், கோகிலவாணி கதவில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

"சார் இன்னும் ஒத்துக்கலையேண்ணா," என்றார்.

"ஒத்துக்காட்டிப் போறாருங்க. அதுக்காக நான் என்ன..."

மருதாசலம் பாதியில் நிறுத்தினார்.

கோகிலவாணி உள்ளே போய், தன் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

மருதாசலம் எழுந்து உள்ளே போனார்.

"கேஸ் தோத்துட்டா?" என்று கேட்டார். குரல் இப்போது இறங்கியிருந்தது.

"ரெண்டு வருசத்துக்கும் வட்டியோட கட்டணும். அபராதம் கேட்டாலும் கேப்பாங்க. அதுக்குண்டான பணத்தைத் தொடாம தனியா வெச்சிருங்க."

"ஜெயிச்சா?"

"அது உங்க பணம்."

"அது வரைக்கும்?"

கோகிலவாணி திரையை அவர் பக்கம் திருப்பினார். விவசாய வருமானம் என்ற இடத்துக்கு எதிரே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

"நான் எழுத முடியாது," என்றார். "அவங்களும் எழுத மாட்டாங்க."

மருதாசலம் கட்டத்தைப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஃபைலை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த பென்ஷன்காரரைப் பார்த்தார். பிறகு துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். விற்ற சீட்டு, வைக்கோல் வாங்கிய ரசீது, ஊருக்குள் வாடகைக்கு விட்டிருந்த கடையிலிருந்து பணம் வந்த விவரம், பேங்க் பாஸ்புக், எல்லாம் வந்து விழுந்தன.

"காகிதம் கொண்டு வரலைன்னீங்களே?"

"எதுக்கும் இருக்கட்டும்னு..." என்று இழுத்தார்.

அந்தக் கட்டத்துக்கான தொகையை அவரே சொன்னார். வெளியில் இருப்பவருக்கும் கேட்கட்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னார். கோகிலவாணி தட்டினார். வாடகை வருமானத்தை அதற்குரிய இடத்தில் போட்டார். எதையும் ஒளிக்கவில்லை, எதையும் குறைக்கவில்லை. கடைசியில் ஃபோனுக்கு ஓடிபி வந்தது. மருதாசலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார்.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுது."

"நான் கேட்டதுக்கு நீங்க கடைசி வரைக்கும் பதிலே சொல்லலீங்க அம்மணி."

கோகிலவாணி அடுத்த ஃபைலை எடுத்து, "சார், நீங்க வாங்க," என்று பென்ஷன்காரரைக் கூப்பிட்டார்.

மருதாசலம் படியிறங்கும்போதே ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டார். பெயிண்டர் குமரேசன் எடுத்தான்.

"சொல்லுங்ணா. தீர்ப்பு வந்துருச்சுங்களா?"

"இல்ல. நீ ஏணிய எடுத்துட்டு வா."