நண்டுக்கு முதல் சிரட்டை

நண்டுக்கும் நாரைக்கும் மனிதரோடு வாய்விட்டுப் பேசத் தெரிந்திருந்த காலம் அது. தெற்குக் கடலில், எந்தக் கரையிலிருந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தட்டுப்படாத தூரத்தில் ஒரு மணல்தீவு கிடந்தது. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் கேட்கும், அவ்வளவுதான் நீளம். கிழக்கே பவளப் பார்; வருகிற அலையெல்லாம் அதில் மோதி உடைந்துபோகும். மேற்கே வள்ளம் ஒதுங்கத் தோதான அமைதியான கரை. நடுவே தாழம்புதர் சூழ்ந்த ஒரு மேடு.

அந்த மேட்டில்தான் நண்டுகள் குடியிருந்தன. கரைப்பக்கம் அவை எட்டிப் பார்ப்பதே இல்லை. உப்புத்தண்ணீர் பட்டால் எங்கள் கண்ணுக்கு ஆகாது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளும்.

ஓர் ஆவணி மாதம், பெருங்காற்றில் பாய் கிழிந்த வள்ளம் ஒன்று பாரில் ஏறி உடைந்தது. அதில் வந்த ஒன்பது பேரும் பலகையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அவர்களில் மூக்காயி ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கூடவே அவள் புருஷன் சோணை, அவள் தம்பி இருளப்பன். இருளப்பன் ஊரில் கிணறு வெட்டுகிறவன். பாறையைப் பிளந்து தண்ணீர் கண்டவன்.

தீவில் மீனுக்குக் குறைவில்லை. குடிக்கத்தான் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரண்டு நாள் நாக்கு ஒட்டிப்போய்க் கிடந்தார்கள். மூன்றாம் நாள் நிழல் தேடித் தாழம்புதருக்குப் போன மூக்காயி, வளையிலிருந்து ஒரு கிழநண்டு வெளியே வருவதைப் பார்த்தாள். அதன் ஓட்டில் ஈரம் மின்னியது. விரலால் தொட்டு நக்கினாள். உப்பே இல்லை.

“தொட்டு நக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?” என்றது நண்டு.

“தப்புதான் ஆத்தா. வயித்துல பிள்ளை. தண்ணி குடிச்சு ரெண்டு நாளாச்சு.”

கிழநண்டு அவளை மேலும் கீழும் பார்த்தது. பிறகு மேட்டில் ஓர் இடத்தைக் காலால் கீறிக் காட்டியது.

“முழங்கை ஆழம் தோண்டு. ஊறுறதைச் சிரட்டையால மோந்துக்க. அதுக்குக் கீழே மட்டும் போயிராத. அடியில உப்புத்தண்ணி படுத்திருக்கு. அதுக்கு மேலதான் மழைத்தண்ணி மெல்லிசா நிக்குது. மேல இருக்கிறது எல்லாருக்கும் போதும். கீழே இருக்கிறதை எழுப்பிட்டா யாருக்கும் இல்ல.”

அப்படியே தோண்டினார்கள். ஊறியது. கரையில் ஒதுங்கிய தேங்காய்ச் சிரட்டையால் மோந்து குடித்தார்கள். அன்றைக்கு அந்த ஒன்பது பேரும் தண்ணீரைக் குடித்தார்களா, கண்ணீரைக் குடித்தார்களா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஆனால் ஊற்றுத் தண்ணீருக்கு அவசரம் தெரியாது. ஒரு சிரட்டை மோந்தால், மறு சிரட்டைக்குக் காத்திருக்க வேண்டும். வள்ளத்திலிருந்து தப்பிய ஒரே பானை நிறைய அரைநாள் ஆகும். அந்த அரைநாளும் மூக்காயி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெயிலில் குந்தியிருப்பாள். தம்பிக்காரனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அக்காள் மேல் உயிர்.

“முழங்கை ஆழத்துக்குப் பேரு கிணறா? பூனை தோண்டுற குழி” என்றான். சோணை வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தான். நண்டு பேச்சைக் கேட்டு நடந்தால் ஊரில் என் தொழிலுக்கு மரியாதை இருக்குமா என்று மச்சானிடம் சிரித்துவிட்டு, வள்ளத்துப் பலகையால் மண்ணை அள்ளத் தொடங்கினான். மணல் சரியாமல் பலகை நட்டு, இரண்டு ஆள் ஆழம் போய்விட்டான். தண்ணீர் பொங்கி வந்தது. சந்தோஷமாக ஒரு கை அள்ளி வாயில் வைத்தவன் அப்படியே துப்பினான்.

உப்பு.

மறுநாள் பக்கத்து ஊற்றும் கரித்தது. அதற்கு மறுநாள் நண்டுகளின் வளைகளும் கரித்தன. இருளப்பன் கிழநண்டின் முன்னால் போய்த் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். என்னைக் கொடுக்கால் கிழித்துப் போட்டாலும் சரி என்றான்.

“உன்னைக் கிழிச்சா தண்ணி இனிக்குமா? போய்க் குழியை மூடு. மழை பெய்ஞ்சா நாளாவட்டத்துல சரியாகும்.”

மழைக்கு ஐப்பசி வர வேண்டும். அதுவரை? பெரிய தாழையடியில் கிழநண்டின் வளை ஒன்றில் மட்டும் இனிப்பு மிச்சமிருந்தது. தினமும் ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு சிரட்டை போக, மூக்காயிக்கு இன்னொன்று கொடுக்கலாம். அதைக் கொடுத்தால் நண்டுகளுக்கு ஈரம் இல்லை. இளநண்டுகள் முணுமுணுத்தன. வந்தவர்கள் செய்த வேலைக்கு நாமா காயவேண்டும் என்று கேட்டன.

கிழநண்டு சொன்னது: “நமக்குப் பத்துக் கால் இருக்கு, கரை வரைக்கும் நடந்து போயிரலாம். அவங்களுக்கு ஒரு வள்ளம்கூட இல்ல.”

அன்று சாயங்காலமே நண்டுக்கூட்டம் மேட்டைவிட்டு இறங்கியது. அலை நனைத்த மணலில் புது வளை தோண்டி, அந்த ஈரத்தில் உயிர் பிழைக்கப் பழகியது. உப்புத்தண்ணீர் படாதிருக்கக் கண்ணை மட்டும் உயரத் தூக்கி வைத்துக்கொண்டது.

ஐப்பசியில் மழை கொட்டிய ஒரு விடியலில் மூக்காயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. மழை விட்டுச் சில நாளில், மூடின குழிக்குப் பக்கத்தில் முழங்கை ஆழம் தோண்டினார்கள். தண்ணீர் இனித்தது. முதல் சிரட்டையை எல்லாரும் பிள்ளை பெற்றவளிடம் நீட்டினார்கள். அவள் குடிக்கவில்லை. குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்து, கிழநண்டின் வளையருகே அதை ஊற்றினாள். திரும்பி வந்துவிடுங்கள், மேடு உங்களுடையது என்றாள்.

“அலைச்சத்தம் பழகிப்போச்சு மகளே. இந்த உப்பு மணல்ல போய் ஒரு சிரட்டையை ஏன் வீணாக்குற?”

“நீ கொடுத்த தண்ணி, ஆத்தா. உனக்குக் கொடுக்காம என் பிள்ளைக்கு எப்படிப் புகட்டுவேன்?”

நண்டு மெல்ல ஊர்ந்து வந்து, அந்த நனைந்த மணலில் உடம்பைப் புதைத்துக்கொண்டது.

மேட்டில் வீடு கட்டக் கூடாது என்று முதலில் சொன்னது இருளப்பன்தான். தன் குடிசையை மேற்குக் கரையில் போட்டான். மற்றவர்களும் அங்கேயே போட்டார்கள். கொடுத்தவர்கள் வீட்டில் குடியேற யாருக்கும் மனம் வரவில்லை.

அந்த ஐப்பசியிலிருந்துதான் தீவில் நண்டு கண்ணைத் தூக்கிக்கொண்டு கரையோரம் குடியிருக்கிறது. மனிதர் முழங்கை ஆழத்துக்குக் கீழே மண்ணைத் தொடுவதில்லை. எவ்வளவு தாகமானாலும் ஊற்றில் மோந்த முதல் சிரட்டை நண்டிருக்கும் கரைமணலுக்குத்தான் போகிறது.