வளையலைச் சுற்றிய கணக்கு

ரொம்ப காலத்துக்கு முன்னே சேந்தவர்மன் என்று ஒரு ராஜா மருதமலை நாட்டை ஆண்டுவந்தார். எந்தப் படைக்கும் அஞ்சாத மனுஷர். ஒரே மகள் நல்லமங்கையின் கல்யாணப் பேச்சென்றால் மட்டும் அவருக்குப் பயம். தாயில்லாப் பிள்ளை, பொத்திப் பொத்தி வளர்த்தவர். அவளோ, தூது வந்த கடற்கரை நாட்டு மந்திரி இளநம்பி மேல் மனசை வைத்துவிட்டாள். அந்தச் சீமையில் தாலி ஏறின கையோடு பெண் புகுந்த வீடு போயாக வேண்டும்.

மறுக்கவும் மனசில்லை, அனுப்பவும் மனசில்லை. அரசவைப் பண்டிதர் வல்லபராயரிடம் யோசனை கேட்டார். ராயருக்கோ தன் பிள்ளைக்கே இளவரசியை முடித்துவிட ஆசை. "பதில் வராத கேள்வியாகக் கேளுங்கள், தானே ஓடிப்போவான்" என்று காதைக் கடித்தார்.

மறுநாள் சபையில் ராஜா மகளின் வளையலைத் தூக்கிக் காட்டினார். "மந்திரியாரே, இதன் குறுக்களவைப் போல் எத்தனை மடங்கு இதன் சுற்றளவு? கூடாமல் குறையாமல் சொன்னால் பெண் உமக்கு."

இளநம்பி வாயைத் திறக்குமுன் ராயர் முந்திக்கொண்டார். "என் பிள்ளை சார்பில் நான் சொல்கிறேன். இருபத்திரண்டை ஏழாகப் பங்கிட்டால் வருகிற ஒரு பங்கு. அவ்வளவுதான்."

"அந்தக் கணக்குப்படி ஊர் வட்டக்குளத்துக்குக் கயிறு வெட்டிப் பார்க்கலாமே, பெரியவரே" என்றான் இளநம்பி. குளத்தின் குறுக்களவை அளந்து, அந்தக் கணக்கில் வெட்டினார்கள். குளத்தைச் சுற்றி வந்தபின் கயிறு விரற்கடை மிஞ்சியது. சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

"சரி, நீர் சொல்லும்" என்றார் ராஜா.

"நாலை எடுங்கள், மகாராஜா. அதில் நாலின் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். நாலின் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். அதே நாலின் ஏழில் ஒரு பங்கைக் கழித்து, ஒன்பதில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். இப்படியே ஒற்றைப்படையாகப் போகவேண்டும். ஒரு தரம் கூடும், ஒரு தரம் குறையும்; ஆனால் ஒவ்வொரு தரமும் உண்மைக்குக் கிட்டே வரும்."

"எப்போதைய்யா முடியும்?"

"முடியவே முடியாது. நிறுத்தின இடத்தில் பொய்யாகிவிடும்."

ராயர் துள்ளி எழுந்தார். "பதிலை முடிக்காதவனுக்கு ஏது பெண்?"

"நியாயம்தான். கல்யாணத்தை முடித்துவைத்தால், தினம் சாயங்காலம் மகாராஜா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பங்காகச் சொல்வேன். ஒப்புக்கொண்ட காரியத்தை முடிக்காமல் வீடு திரும்பக் கூடாதென்பதும் எங்கள் சீமை வழக்கம். எங்கள் அரசருக்குச் சொல்லி அனுப்பிக்கொள்கிறேன்."

ராஜாவுக்குப் புரிந்துவிட்டது. மகளைப் பிரியவேண்டுமே என்ற தன் பயத்தை இந்தப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டான். கண்டும் சபையில் அதைச் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். அவள் கண் நிறைந்து நின்றாள். "வல்லபராயரே, கல்யாணத்துக்குச் சந்தனம் கரைக்கிற வேலை உம்முடையது" என்றார்.

கல்யாணம் முடிந்த சாயங்காலம், சொன்ன சொல் தவறாமல் இளநம்பி மாமனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "இனி நாலின் பதினொன்றில் ஒரு பங்கைக் கழிக்கவேண்டும்..." என்று ஆரம்பித்தான்.

ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அவசரமே இல்லை மாப்பிள்ளை. மெதுவாகச் சொல்லுங்கள்."