கண்ணாடிக்குள் இருந்த சீட்டு

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு வரலாறு கற்பித்த எஸ்தர் ஞானசௌந்தரி அம்மையார். நாட்டின் பெயரை அவர் சொல்லவில்லை.

கோவேள் என்பவர் புரட்சி நடத்தி மீட்ட நாடு அது. அவர் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துப் பகைவர் படை எல்லையில் வந்து நின்றது. நான்கு நாள்களில் தாக்குதல் தொடங்கும் என்றனர் ஒற்றர்கள்.

தளபதி இளங்குமணன் போர்க்கல்லூரிக்கு வந்து தம் ஆசானைக் கண்டார். ஆசான், கோவேளின் படையில் உணவுப் பொறுப்பாளராக இருந்தவர்.

"எங்கள் பாதுகாப்புத் திட்டம் முழுவதும் கோவேளின் ஒரு சொல்லை நம்பி நிற்கிறது, ஐயா. 'மக்களே மதில்' என்றார். பகைவரின் ஆளில்லா விமானங்களுக்குத் தெரியாத காட்டுத்தடங்கள் எல்லையிலுள்ள மஞ்சனூர் மக்களுக்கு மட்டுமே தெரியும். வழிகாட்ட ஒருவரும் வரவில்லை."

"கேட்டாயா?"

"கேட்டேன். ஊர்த்தலைவி பொன்னரிவை சிரிக்கிறார். 'உங்கள் விமானத்திடம் வழி கேளுங்கள்' என்கிறார். துப்பாக்கியைக் காட்டினால் வருவார்கள்."

"வருவார்கள். உன் படையை எங்கே கொண்டுபோய் விடுவார்கள்?"



ஆசான் எழுந்து, தளபதியை அழைத்துக்கொண்டு நினைவுக்கூடத்துக்கு நடந்தார். நடுச்சுவரில், கண்ணாடிச் சட்டகத்துக்குள், பழுப்பேறிய சீட்டு ஒன்று இருந்தது. மாணவர்கள் அதை வணங்கிவிட்டே வகுப்புக்குச் செல்வார்கள்.

"இது என்ன?"

"கோவேளின் கையெழுத்து. பட்டினியிலும் அவர் மக்களிடம் பறிக்கவில்லை, கேட்டு வாங்கினார் என்பதற்குச் சான்று. நீங்கள் கற்பித்ததுதான்."

"படி."

"'மஞ்சனூரில் விதைநெல் கடனாகப் பெற்றோம். வென்றதும் திருப்பித் தருவோம்.'" கீழே அளவு குறிக்கப்பட்டிருந்தது. தளபதியின் குரல் தாழ்ந்தது. "எப்போது கொடுத்தோம்?"

"இங்கே மாட்டுவதற்கென்று சீட்டை அவர்களிடமிருந்து வாங்கி வந்தோம். மாலை போட்டோம். வாங்கி வந்தவன் நான். நெல்லைக் கொடுக்கவில்லை."

ஆசான் சட்டகத்தைக் கழற்றித் தரையில் போட்டு உடைத்தார். காவலர் ஓடிவந்தார். தளபதி கையசைத்து அவரை நிறுத்தினார்.

மறுநாள் நண்பகலில் தளபதியும் ஆசானும் படையோடும் நெல்வண்டியோடும் மஞ்சனூரை அடைந்தபோது, சொன்ன நாளுக்கு முன்பே பீரங்கிகள் முழங்கத் தொடங்கியிருந்தன.

தளபதி நீட்டிய சீட்டைப் பொன்னரிவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதற்குப் பூசை எல்லாம் நடந்ததாமே. அந்த ஆண்டு நாங்கள் விதைக்கவில்லை, தம்பி. கிழங்கு தோண்டித் தின்றோம்."

"இரண்டு மடங்காகக் கொண்டுவந்திருக்கிறோம், அம்மா."

"வாங்கியதை மட்டும் அள. மிச்சம் லஞ்சம்."

தளபதியே மரக்காலை எடுத்தார். குண்டு ஒன்று அடுத்த மலையில் விழுந்தது. வீரர்கள் குனிந்தனர். பொன்னரிவை எண்ணிக்கையை விடவில்லை. கடைசிப் படியைக் கையால் தலைதட்டி, வழிந்த நெல்லை வண்டியிலேயே போட்டார். பிறகு கொடுவாளை எடுத்துக்கொண்டு படைக்கு முன்னால் போய் நின்றார். ஊரார் பன்னிருவர் அவரைத் தொடர்ந்தனர்.

அப்போது கம்பியில்லாக் கருவி ஒலித்தது. தளபதி கேட்டுவிட்டு ஆசானிடம் திரும்பினார்.

"எல்லையில் என்ன அரண் அமைத்திருக்கிறோம் என்று தலைநகரம் கேட்கிறது, ஐயா. என்ன சொல்ல?"

"அளந்ததைச் சொல்," என்றார் ஆசான். "விதைநெல். பதினொரு கலம், ஏழு மரக்கால், இரண்டு படி."