முன்னே நடந்த எருமை

அந்தக் காலத்தில், மாடுகளும் மனிதரும் ஒரே மொழியில் வழக்காடிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் நெடுங்கரை என்றோர் ஊர் இருந்தது. பொங்கலுக்கு மறுநாள் விடியலில் அவ்வூர்க் கால்நடைகள் எல்லாம் ஏரிக்கரைமேல் ஊர்வலமாகச் சென்று, மறுகோடியில் படைக்கும் பொங்கலை உண்டு திரும்புவது வழக்கம். யார் முன்னே, யார் பின்னே என்று வரிசை வகுப்பவள் ஊரின் மூத்தவளான பெரியநாச்சி. அழகுதான் அவளுடைய அளவுகோல். ஆகவே, சங்கு நிறக் காளையான வலம்புரி எப்போதும் முதலில் நின்றான். காரி என்னும் எருமை எப்போதும் கடைசியில் நின்றாள்.

அந்த ஆண்டுதான் காரியின் கன்று முதன்முறையாக ஊர்வலத்துக்கு வந்தது. கன்றுகளுக்கு இடம் நடுவில். கரையோ குறுகல்; அதன் ஓரம் முழுவதும் ஏரிச் சேறு. போதாக்குறைக்கு, அன்று பனி கனமாக இறங்கியிருந்தது.

"நாச்சியம்மா, இன்று என்னை முன்னே விடுங்கள்" என்றாள் காரி. "இந்தப் பனியில் வலம்புரியைப் பார்த்து நடக்க முடியாது. கன்றுகள் சேற்றில் இறங்கிவிடும்."

வலம்புரி கொம்பை ஆட்டிச் சிரித்தான். "கேட்டீர்களா? என்னைப் பார்க்க முடியாதாம்! பத்து ஊர் சனம் என்னைப் பார்க்கத்தான் வருகிறது. நீ முன்னே வந்தால், இன்னும் விடியவில்லை என்று எல்லோரும் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள், அக்கா!"

ஆடுகள்கூடச் சிரித்தன.

"வகுத்த வரிசை வகுத்ததுதான், காரி" என்றாள் பெரியநாச்சி.

காரிக்குத் தன் கணிப்பில் ஐயமே இல்லை. ஆயினும் கடைசிக்குப் போனாள், காதைக் கன்றின் மணியோசைமேல் வைத்தபடி.

ஊர்வலம் கரையேறியது. நூறடி போவதற்குள் வலம்புரி பனியோடு பனியாக மறைந்துபோனான். அவனைத் தொடர்ந்த பசுக்கள் வழி தெரியாமல் தயங்கின; கன்றுகள் வரிசையை விட்டுச் சிதறின.

"அம்மா, கால் புதைகிறது!" என்று காரியின் கன்று கீழிருந்து கத்தியது.

காரி உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பசுக்களை விலக்கி, பெரியநாச்சியையும் தாண்டி, கரையின் நட்டநடுவில் போய் நின்றாள்.

"கன்றுகளா, கருப்பாக ஏதாவது தெரிகிறதா?"

"தெரிகிறது!"

"அதுதான் நான். அதைப் பார்த்தே வாருங்கள்."

ஒவ்வொன்றாக ஏறி வந்தன. கடைசியாக அவள் கன்று, வயிறுவரை சேறு அப்பியபடி வந்து அவளை ஒட்டி நின்றது.

அப்போது சேற்றிலிருந்து இன்னொரு குரல் எழுந்தது. "நானும் இங்கேதான் இருக்கிறேன்!"

"எங்கே, தம்பி?"

"இதோ, உன் கண்முன்னால்!"

"கண்முன்னால் எல்லாம் வெள்ளை. அதில் நீ எது, பனி எது? சரி, சரி, என் முதுகைப் பார்த்து ஏறி வா."

வலம்புரி அந்தக் கருத்த முதுகைவிட்டுக் கண்ணெடுக்காமல் கரையேறினான்.

பெரியநாச்சி அங்கேயே வரிசையை மாற்றினாள். "பிழை என்னுடையது. நீ நட, காரி. நாங்கள் பின்னால் வருகிறோம்."

அன்று முதல்தான் நெடுங்கரையின் மாட்டுப் பொங்கல் ஊர்வலத்தில் எருமை முன்னே நடக்கிறது. பனியே இறங்காமல், வெயில் பளிச்சென்று அடிக்கும் ஆண்டிலும் அந்த வரிசை மாறுவதில்லை.