ஆறு மணிக் கட்டம்

தாமிரபரணிக் கரையில் ஒரு சிறிய மடம். அங்கே இருந்த சாமிக்கு வயது நாற்பத்து மூன்று. அவருடைய சிஷ்யை பரிமளத்துக்கு ஐம்பத்து நான்கு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சுகளுக்கெல்லாம் தலைவி. பதினோரு வருடமாக, மாதம் ஒரு ஞாயிறு மடத்துக்கு வந்து போவார்.

அந்த ஞாயிறு காலை ஏழே காலுக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றியவர் உள்ளே வராமல் படியிலேயே உட்கார்ந்தார்.

"வாங்க சிஸ்டரம்மா. தூங்கலையா?"

"தூங்கி மூணு நாளாச்சு சாமி. ஒரு கேள்வி இருக்கு."

"கேளுங்க."

"எங்க ஆஸ்பத்திரிக்கு ஏஐ மெஷின் வருது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நாங்க நாடி, மூச்சு எழுதுற சார்ட்டைப் பார்த்தே, எந்த நோயாளிக்கு உடம்பு மோசமாகப் போகுதுன்னு முன்கூட்டியே சொல்லுமாம். நல்ல விஷயந்தான். 'எங்க வார்டு தயார்'னு நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். என் நர்சுப் பிள்ளைங்களை எப்படித் தயார் பண்றது?"

"தூக்கம் போனது இதுக்கா?"

பரிமளம் பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்து மடியில் வைத்தார்.

"மெஷின் படிக்கிறதுக்காக மூணு வருஷச் சார்ட்டைக் கொடுத்தோம். கம்பெனிக்காரர் பார்த்துட்டு வந்து சிரிக்கிறார். 'மேடம், உங்க ஊர்ல எல்லாரும் நிமிஷத்துக்கு இருபது தடவைதான் மூச்சு விடுறாங்க'ங்கிறார்."

"எல்லாருமா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர்."

"அது ஏன் இருபது?"

"இருபதுன்னு எழுதினா யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க சாமி."

சாமி சிரித்தார். பரிமளம் சிரிக்கவில்லை.

"ஒரு சார்ட்டுல, விடியக்காலம் நாலு பத்துக்குச் செத்துப் போனவருக்கு, ஆறு மணிக் கட்டத்துல இருபதுன்னு இருக்கு. டூட்டியில இருந்தவ ஜெனிட்டா. காலையில நேரம் இருக்காதுன்னு, ரெண்டு மணிக்கே ஆறு மணிக் கட்டத்தையும் நிரப்பி வச்சிருக்கா. அவளை சஸ்பெண்ட் பண்ணுங்க, மத்தவங்க தானா திருந்துவாங்கன்னு டீன் சொல்றார். ரெண்டாவது காகிதம் அதுதான். அதுக்கும் என் கையெழுத்துதான்."

"அன்னைக்கு வார்டுல எத்தனை பேர்?"

"நாப்பத்து மூணு. நர்சு ரெண்டு பேர் போட்டிருந்தேன். ஒருத்தியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க."

"செத்தவர் யார்?"

"கட்டில் பதினேழு."

"பேரு?"

"ஆவுடையப்பன்," என்றார் பரிமளம். "முந்தின நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒழுங்கா எண்ணியிருந்தா முப்பதுக்கு மேல இருந்திருக்கும். யாராவது ஓடி வந்திருப்போம்."

சாமி எழுந்து உள்ளே போய், ஐந்து கட்டம் போட்ட ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் கொண்டுவந்தார்.

"சமையல் பார்க்கிற இசக்கியம்மா, மகள் வீட்டுக்குப் போயிட்டா. இன்னைக்குச் சாப்பாட்டுக்கு இருபத்தாறு பேர். சமையல் நீங்க பார்த்துக்கோங்க."

"சரி சாமி."

"நான் புன்னை மரத்தடியில இருப்பேன். எட்டு மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும், மணிக்கு ஒரு தடவை என் மூச்சை எண்ணி இதுல எழுதுங்க. முழு நிமிஷம். கட்டம் எதுவும் காலியா இருக்கக் கூடாது."

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் சாமி எனக்கு. ஒரு ஆள் மூச்சை எண்ணச் சொல்றீங்க."

"ஒரு ஆள்தான்."

எட்டு மணிக்குப் பரிமளம் மரத்தடியில் உட்கார்ந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். பதின்மூன்று. எழுதினார்.

ஒன்பது மணிக்குப் பதினான்கு.

பத்து மணிக்குப் பருப்பு அடிபிடிக்கும் வாசனை வந்தது. அரை நிமிடம் எண்ணினார். ஏழு. இரண்டால் பெருக்கிப் பதினான்கு என்று எழுதிவிட்டு ஓடினார்.

பதினொரு மணிக்கு உலை பொங்கியது. முறப்பநாட்டிலிருந்து வந்த இரண்டு அம்மாக்கள் அடுக்களை வாசலில் நின்று, புளிக்குழம்பா சாம்பாரா என்று சண்டை போட்டார்கள்.

"ஆஸ்பத்திரிச் சமையல்னா உப்பு இருக்காதே," என்றார் ஒருவர்.

"உமக்கு இருக்கிற பிரஷருக்கு அது போதும்," என்றார் மற்றவர்.

வெளியே சாமி யாருடனோ சத்தமாகச் சிரித்துப் பேசுவது கேட்டது. பரிமளம் கரண்டியோடு நின்றபடியே பதினான்கு என்று எழுதினார்.

பன்னிரண்டுக்கு இலை போட்டாயிற்று. இருபத்தாறு பேரில்லை, முப்பத்தொருவர் வந்துவிட்டார்கள். மறுபடி ஒரு படி அரிசி களைந்து போட்டார். காகிதம் நினைவுக்கு வந்தபோது மணி பன்னிரண்டரை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, பன்னிரண்டு மணிக் கட்டத்தில் பதினான்கு என்று எழுதினார். ஒரு கட்டமும் காலியில்லை.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, இரண்டரை மணிக்கு, சாமி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

"பன்னெண்டு மணிக்கு நான் எங்கே இருப்பேன் சிஸ்டரம்மா?"

பரிமளம் நிமிர்ந்தார்.

"ஆத்துல குளிச்சுக்கிட்டு இருப்பீங்க."

"எத்தனை வருஷமா?"

"எனக்குத் தெரிஞ்சு பதினோரு வருஷமா."

"அப்போ மரத்தடியில பதினாலு தடவை மூச்சு விட்டது யாரு?"

பரிமளம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கழுவ வேண்டிய பாத்திரங்கள் ஒன்பது, பின்கட்டில் வெயிலில் கிடந்தன.

"எண்ணலைன்னு எழுதியிருக்கலாமே," என்றார் சாமி.

"காலியா விடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். உங்க சார்ட்டுல எண்ணலைன்னு எழுத இடம் இருக்கா?"

"இல்லை."

"காலியா விட்டா?"

"மெமோ."

"மெமோ யார் கொடுக்கிறது?"

பரிமளம் புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான்தான்."

"இந்த மூணு வருஷத்துல எத்தனை கொடுத்திருப்பீங்க?"

"அறுபத்தொண்ணு."

"அத்தனையும் காலிக் கட்டத்துக்கா?"

"ஆமா."

"இருபதுன்னு எழுதினதுக்கு?"

"ஒண்ணுகூட இல்லை."

மரத்தில் ஒரு காகம் உட்கார்ந்து எழுந்து போனது. பரிமளம் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினார். பன்னிரண்டு மணிக் கட்டத்தில் இருந்த எண்ணை அடித்து, பக்கத்தில் 'எண்ணவில்லை' என்று எழுதினார். பதினொரு மணிக்கும் அப்படியே. பத்து மணிக் கட்டத்தில் கொஞ்சம் யோசித்து, 'அரை நிமிடம்' என்று எழுதினார். மிஞ்சியது இரண்டு எண்.

"ஐஞ்சுல ரெண்டு," என்றார். "ஒரே ஒரு ஆளுக்கு."

"மெமோ கொடுக்கட்டுமா?"

இப்போதுதான் பரிமளம் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோய்க் கண் கலங்கிவிட்டது.

"சாமி, உலையைப் பார்த்துக்க ஒரே ஒரு ஆள் கொடுத்திருந்தீங்கன்னா நான் எண்ணியிருப்பேன்."

"கேட்டீங்களா?"

"கேக்கலை."

"ஏன்?"

"கேட்டா... முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்காரிக்கு இதுகூட முடியலையான்னு நினைப்பீங்கன்னு."

சாமி தலையசைத்தார். அவரே எழுந்துபோய் இரண்டு அண்டாக்களை இழுத்து நிழலில் வைத்துவிட்டு வந்தார்.

"மெஷினை வேண்டாம்னு சொல்லிடட்டுமா சாமி?"

"எதுக்கு? வரட்டும். நீங்க எழுதிக் கொடுக்கிறதை நம்பப் போற ஜீவன் அது ஒண்ணுதான்."

பரிமளம் பையிலிருந்த இரண்டு காகிதங்களையும் எடுத்துப் பார்த்தார். அவற்றோடு சேர்த்து இப்போது மூன்று.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு டீன் முன்னாடி போய் நிக்கணும். ஜெனிட்டா எட்டு மணிக்கே வந்து என் ரூம் வாசல்ல நிப்பா. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

சாமி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை. அந்தத் துண்டுக் காகிதத்தை ஜெனிட்டாகிட்ட காட்டுங்க. அப்புறம், எப்படித் தயார் பண்றதுன்னு காலையில என்கிட்ட ஒரு கேள்வி கேட்டீங்களே, அதை அவங்ககிட்ட கேளுங்க."