வரிசை இல்லாத பூங்கா

கேளிக்கைப் பூங்காவில் ராட்டினத்துக்கு முன்னால் கயிறு பிடித்து வரிசையை ஒழுங்கு பண்ணுகிறவள் வள்ளிக்கண்ணு. புதிதாக வந்த மேனேஜர் ரகோத்தமன், எல்லா ராட்டினத்துக்கும் போனிலேயே முன்பதிவு என்று ஆக்கிவிட்டார். ஒருநாள் முதலாளியை அழைத்து வந்து, வரிசை நின்ற இடம் காலியாகக் கிடப்பதைக் காட்டினார்.

"நம்ம பூங்காவுல இனிமே வரிசையே கிடையாது சார். இந்தம்மாவுக்கும் வேலை இல்லை. நாளையிலேருந்து வர வேண்டாம்."

வள்ளிக்கண்ணு கெஞ்சவில்லை. "சரிங்க சார். போறதுக்கு முன்னாடி நானும் ஒரு தடவை ஏறிப் பாத்துடறேன். உங்க போன்ல ஒரு இடம் பிடிச்சுக் குடுங்க."

முதலாளி பக்கத்தில் இருக்கும்போது மாட்டேன் என்றா சொல்ல முடியும்? ரகோத்தமன் போனைத் தடவினார். திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூட்டம் அதிகம், பிறகு முயலவும் என்றது. அவர் விடாமல் தடவ, சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தது.

"சார்ஜ் போடற இடம் கேன்டீனுக்குப் பின்னால இருக்கு, வாங்க சார்" என்று அவளே கூட்டிப்போனாள்.

காலையிலிருந்து இடம் பிடிக்கப் போராடி, போன் செத்துப்போன ஜனமெல்லாம் அங்கேதான் பிள்ளைகுட்டிகளோடு வெயிலில் நின்றது. வரிசை கேன்டீனையே சுற்றி வளைத்திருந்தது. முதலாளி அவ்வளவு நீள வரிசையைப் பார்த்ததே இல்லை. மேனேஜர் நேராக முன்னால் போகப் பார்த்தார்.

வள்ளிக்கண்ணு கையிலிருந்த கயிற்றைக் குறுக்கே பிடித்தாள்.

"கடைசியில போய் நில்லுங்க சார்."

"நாளைக்கும் வந்துடும்மா" என்ற முதலாளி, சார்ஜ் போடத் தன் போனையும் எடுத்துக்கொண்டு ரகோத்தமனுக்குப் பின்னால் போய் நின்றார்.