சிவப்பு மை கேட்ட கேள்வி

ஒரு நடுநிலைப் பள்ளியின் ஆசிரியர் அறையில் சிவப்புப் பேனா ஒன்று இருந்தது. அதனோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அது பக்கத்தில் வந்தாலே நீலப் பேனாக்கள் வாயை மூடிக்கொள்ளும். கட்டுரை நோட்டுகளைக் கேட்கவே வேண்டாம். அதன் முனையைக் கண்டதும் பக்கங்களை இறுக்கிக்கொள்ளும்.

"பிழை செய்வது அவர்கள். நான் சுட்டிக்காட்டத்தானே செய்கிறேன்" என்று பேனா தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். அதைக் கேட்கவும் யாரும் இருப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை முற்பகல், தமிழ் சொல்லித்தரும் ஜெபராணி டீச்சர் ஏழாம் வகுப்புக் கட்டுரைகளைத் திருத்த உட்கார்ந்தார். தலைப்பு, 'எங்கள் வீடு'. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று அச்சடித்த தாள் ஒன்று மேசையில் விறைப்பாகக் கிடந்தது.

"உவமைக்கு இரண்டு. பத்தி பிரித்ததற்கு மூன்று. எழுத்துப்பிழை ஒன்றுக்கு அரை மதிப்பெண் குறை" என்றது தாள். "நீ யோசிக்க இதில் எதுவும் இல்லை."

முப்பது நோட்டுகள் நகர்ந்தன. முப்பதிலும் ஒரே வீடுதான். தாய்மடி போன்ற வீடு, முன்னால் பூந்தோட்டம், காலையில் குயில்.

"பாதிப் பிள்ளைகள் மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். இத்தனை தோட்டம் எங்கிருந்து வந்தது?" என்று பேனா கேட்டது.

"உவமை இருக்கிறதா? இருக்கிறது. இரண்டு போடு" என்றது தாள்.

முப்பத்தோராவது நோட்டு முத்தரசி என்ற பெண்ணுடையது. அது பக்கத்தை இறுக்கவில்லை.

"என்னிடம் பிழை நிறைய உண்டு. வட்டம் போட்டுக்கொள்" என்றது அந்த நோட்டு. "அதற்கு முன்னால் ஒரு தரம் வாசித்துவிடு."

"வாசிப்பது என் வேலை இல்லை."

"பின்னே யாருடைய வேலை?"

பேனா வாசித்தது.

'எங்க வீட்ல எல்லா எடத்துலயும் தூசி இருக்கும். அம்மா செறுப்பு வைக்குர எடத்துல மட்டும் இருக்காது. அம்மா வெளிநாடு போய் ரெண்டு வருசம் ஆச்சு. நான் தெனமும் அந்த எடத்த தொடைக்கிரேன். செறுப்ப எடுத்துட்டு திருப்பி அதே மாதிரி வைப்பேன்.'

முப்பது வீடுகளைக் கடந்து வந்தும், இப்போதுதான் ஒரு வீட்டுக்குள் போனது போலிருந்தது பேனாவுக்கு.

"உவமை இல்லை. பத்தி இல்லை. முழுக்கப் பேச்சு வழக்கு" என்றது தாள். "பத்துக்கு இரண்டரை போட்டுவிட்டு அடுத்ததை எடு."

"இரண்டரை வாங்கினால் இந்தப் பெண் அடுத்த தடவை என்ன எழுதுவாள்?" என்று பேனா கேட்டது.

"பூந்தோட்டம்" என்றது நோட்டு.

டீச்சரின் கை முதல் பிழையின் மேல் பேனாவை அழுத்தியது. பேனாவால் கையை மறுக்க முடியாது. மையைத்தான் பிடித்துவைக்க முடியும். பிடித்துவைத்தது.

டீச்சர் உதறினார். பழைய செய்தித்தாளில் கிறுக்கிப் பார்த்தார். பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடு வர உருட்டினார். உருட்டிக்கொண்டே, வேறு செய்வதற்கு எதுவும் இல்லாமல், எதிரே திறந்திருந்த வரிகளைப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து படித்தார். உருட்டிய கை நின்றுபோனது.

பேனா மையை விட்டது.

டீச்சர் வட்டம் போடவில்லை. ஓரத்தில், சரியான எழுத்தில், ஒரு வரி எழுதினார்: 'செருப்பு என்ன நிறம்?'

"மதிப்பெண் எங்கே?" என்று தாள் கேட்டது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

புதன்கிழமை அந்த நோட்டு திரும்பி வந்தது. சிவப்புக் கேள்விக்குக் கீழே நீல மையில் பதில் இருந்தது: 'பச்சை. ஒரு வார் பிஞ்சிருச்சு. உங்க வீடு எப்படி இருக்கும் டீச்சர்?'

மற்ற ஆசிரியர்கள் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போயிருந்தார்கள். டீச்சர் பேனாவைத் திறந்து வெகுநேரம் நோட்டின் மேலேயே நிறுத்தியிருந்தார். பேனா மையோடு காத்திருந்தது. இதுவரை சிவப்பு மைக்குக் கீழே யாரும் எதையும் கேட்டு எழுதியதில்லை. டீச்சரிடமும் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று, அந்தக் கை எழுதத் தொடங்காமல் நின்றதிலேயே அதற்குப் புரிந்தது.

பிறகு டீச்சர் எழுதினார்: 'என் வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் துவைத்த துணியைப் போட்டு வைப்பேன், காலியாகத் தெரியக்கூடாது என்று.'

எழுதி முடித்ததும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மை காயும்வரை கையிலேயே பிடித்திருந்தார்.